சிலிக்கா சும்மாதான் இருக்குமாம்!

"சிலிக்கா ஒன்றும் செய்யாது, பிரித்து மட்டும் கொடுக்கும்" என்று முதன்முதலில் சொன்ன புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுவேன். சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் கலவையை ஏற்றி, கரைப்பானை ஊற்றி வடித்துப் பிரிப்பதுதான் காலம் (column) குரோமேட்டோகிராஃபி. அந்தக் குழாயின் மேலே லிப்பிட்டை (கொழுப்பு வகைச் சேர்மம்) ஏற்றும்போது டிஎல்சி தட்டில் (சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டும் சோதனைத் தட்டு) ஒரே புள்ளி. கீழே வடிந்ததைப் பார்த்தால் மூன்று! இருப்பதைப் பிரிக்கத்தானே அனுப்பினேன், புதிதாகப் பெற்றுக்கொண்டு வா என்றா சொன்னேன்?

சிலிக்கா ஜெல்லின் மேலெல்லாம் சிலனால் (Si-OH) தொகுதிகள், லேசான அமிலம். ஒரு கிராம் தூளிலேயே சில நூறு சதுர மீட்டர் பரப்பு. அவ்வளவிலும் லிப்பிட்டை மெல்லிசாகத் தடவி, காற்றும் படவிட்டால் அது பாவம் என்னதான் செய்யும்? மீன் எண்ணெயில் இருக்கும் டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம் போல 6 இரட்டைப் பிணைப்பு உள்ளது ஆக்சிஜனேற்றம் ஆகிப் பாழாகும். பிளாஸ்மலோஜன் என்ற பாஸ்போலிப்பிட்டின் வினைல் ஈதர் பிணைப்பு அமிலம் பட்டு உடைந்து, ஒரு பக்கம் ஆல்டிஹைடும் மறுபக்கம் ஒரு சங்கிலியை இழந்த லைசோபாஸ்போலிப்பிட்டும் வந்து நிற்கும். அந்த லைசோவை "மாதிரியிலேயே இருந்தது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். 1,2-டைஅசைல்கிளிசரால் (கிளிசராலின் 1, 2 ஆம் இடங்களில் கொழுப்பு அமிலச் சங்கிலி உள்ளது) இருக்கிறதே, அதில் அந்த அசைல் சங்கிலி ஒன்று சத்தமில்லாமல் இடம் மாறி 1,3 ஆகிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் நிறை இம்மியும் மாறாது. எல்லாம் சரி என்று நம்பி அடுத்த வினைக்கு எடுத்துப் போவோம். வயிறு எரிகிறது!

"சிலிக்காவை விட்டு அலுமினாவுக்கு (அலுமினியம் ஆக்சைடு) மாறிவிடு" என்பார்கள். கார அலுமினா, சங்கிலியைப் பிடித்திருக்கும் எஸ்டர் பிணைப்பையே பதம் பார்க்கும், அது தெரியாதாக்கும். கரைப்பானாக ஊற்றும் குளோரோஃபார்ம் வேறு, எத்தனால் போன்ற நிலைப்படுத்தி இல்லாமல் வெளிச்சத்தில் கிடந்தால் தானே ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலத்தைக் கொடுக்கும்.

வழி இல்லாமலும் இல்லை. சங்கிலி இடம் மாறாமலிருக்கப் போரிக் அமிலம் ஏற்றிய சிலிக்கா. அமிலத்துக்கு அஞ்சும் சேர்மம் என்றால் கரைப்பானில் 1% டிரைஎத்தில்அமீன் என்ற காரம். கூடவே நைட்ரஜன், குளிர்ச்சி, வேகம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சதுர டிஎல்சி தட்டு: ஒரு பக்கம் ஓட்டி, 90 டிகிரி திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டினால் போதும். மாறாத சேர்மம் மூலைவிட்டத்திலேயே நிற்கும்; அதை விட்டு விலகிப் புள்ளி தெரிந்தால் சிலிக்கா வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தம். இதைச் செய்ய என்ன கேடு? ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் "காலம் குரோமேட்டோகிராஃபி மூலம் தூய்மைப்படுத்தப்பட்டது" என்று ஒற்றை வரி. எந்தச் சிலிக்கா, எவ்வளவு நேரம், ஏற்றியதில் எவ்வளவு திரும்பி வந்தது, ஒன்றும் கிடையாது. இந்த லட்சணத்தில், "ராத்திரி அப்படியே சொட்டவிட்டுப் போ, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை வேறு!