ஸ்கார்லெட்டுக்கு மட்டும் ஏன் பதினேழு வயது திரும்பவில்லை?

நேற்று ராத்திரி ‘17 அகெய்ன்’ என்ற ஹாலிவுட் படம் மறுபடியும் கண்ணில் பட்டது. வீட்டில் எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். நீதிமன்றக் காட்சி வந்ததும் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்த பிறகும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை சொல்லத் தேவையில்லை. இந்த வகைப் படங்களின் கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். வாழ்க்கை கசந்துபோன ஒரு பெரியவர், எங்கிருந்தோ ஒரு மந்திரம், கண்ணாடி முன்னால் ஒரு அலறல், அப்புறம் பள்ளிக்கூடம், ஒரு முரடன், ஒரு பார்ட்டி, கடைசியில் ஞானம். அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த நீதிமன்றக் காட்சியை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விவாகரத்து விசாரணை. ஸ்கார்லெட் வந்துவிட்டாள். கணவர் மைக் வரவில்லை. வரவும் முடியாது. அந்த 37 வயது மனிதர் பாலத்தில் நின்று சுழலுக்குள் விழுந்து, பதினேழு வயதுப் பையனாக எழுந்து, மார்க் என்ற பெயரில் தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே சேர்ந்துவிட்டார். இப்போது கதவு திறக்கிறது. மார்க் உள்ளே வருகிறான். ஸ்கார்லெட்டைப் பொறுத்தவரை அவன் தன் மகனோடு சுற்றும் பையன். மைக் கொடுத்தனுப்பிய கடிதம் என்று ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறான். அவளை முதல்முதலாகப் பார்த்த நாள், அன்று அவள் இருந்த கோலம், தான் இழந்ததற்கெல்லாம் அவள்மேல் பழி போட்டது, எல்லாம் வருகிறது. அவள் உடைந்துபோகிறாள். விசாரணை தள்ளிப்போகிறது. அவன் போன பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறாள். அதில் கடிதமே இல்லை. நீதிமன்றத்துக்கு வரும் வழி மட்டும்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் நாம் உருக வேண்டுமாம்! அடடா, தாளைப் பார்க்காமல் நெஞ்சிலிருந்து பேசியிருக்கிறாரே என்று.

நான் அதே காட்சியை ஸ்கார்லெட் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து பார்க்கிறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். எத்தனை சாப்பாட்டு வேளைகள், எத்தனை கார்ப் பயணங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு எத்தனை ராத்திரிகள்! அதில் ஒரு ராத்திரியில் இந்த மனிதர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? ‘நான் இழந்ததற்கெல்லாம் உன்னைக் குறை சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன், தப்பு’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அதைச் சொல்ல இவருக்கு ஒரு பாலம் வேண்டும், ஒரு சுழல் வேண்டும், இளம் மைக்காக நடித்த ஸாக் எஃப்ரனின் முகம் வேண்டும். ஊரே வேடிக்கை பார்க்கும் நீதிமன்றம் வேண்டும்.

கதவு திறந்த நொடியிலிருந்து இன்னொரு முறை பாருங்கள். அவள் ஒரு முடிவோடு வந்திருக்கிறாள். எளிதில் எடுத்த முடிவா அது? அந்த முடிவுக்கு வர எத்தனை நாள் அழுதிருப்பாள், எத்தனை பேரிடம் யோசனை கேட்டிருப்பாள், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று எத்தனை தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள்? படம் அதில் ஒரு காட்சியைக்கூடக் காட்டவில்லை. அவள் எடுத்த முடிவை, அவள் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒரு பள்ளிச் சிறுவன் வந்து கலைத்துவிட்டுப் போகிறான். அவளுக்கு அவன் யாரென்றும் தெரியாது. ஏன் தன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்றும் தெரியாது. மகன் வயதுப் பையனைப் பார்த்து மனம் தடுமாறுகிறதே, எனக்குப் பைத்தியமா என்று அவள் குழம்பும் குழப்பத்தை வைத்துத்தான் பாதிப் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. கணவருக்கு எல்லாம் தெரியும், மனைவிக்கு எதுவும் தெரியாது. இதற்கு என் அகராதியில் காதல் என்று பெயர் கிடையாது.

சரி, இழந்தது யார்? இதற்கு முதலில் யாராவது பதில் சொல்லட்டும். படம் 1989-இல் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் தொடங்குகிறது. மைக் பள்ளியின் நட்சத்திர வீரர். ஆட்டத்தைப் பார்த்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரியிலிருந்து ஆள் வந்திருக்கிறார். அந்த நேரத்தில் ஸ்கார்லெட் கர்ப்பம் என்று தெரிகிறது. பந்தைப் போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடுகிறார். அப்புறம் காலம் முழுக்க, அன்று நான் எதை விட்டுக்கொடுத்தேன் தெரியுமா என்ற புலம்பல். படமும் அந்தக் கணக்கையே கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்கிறது. ஐயா, அவளும் அன்று பள்ளி மாணவிதானே! குழந்தையைச் சுமந்தது யார் வயிறு? படிக்க வேண்டிய வயதில் தாயானது யார்? அவள் என்ன ஆக நினைத்திருந்தாள், எந்தக் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டாள்? ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதைப் பற்றி இருந்திருந்தால் நான் இன்று இவ்வளவு கத்தமாட்டேன்.

பள்ளியில் அந்த வெள்ளைத் தாடிக் கிழவர் வந்து மைக்கிடம், மறுபடியும் பதினேழு வயது கிடைத்தால் வேண்டுமா என்கிற மாதிரி ஆசை காட்டுகிறார். நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டி அவளிடமும் கேட்டிருக்கலாமே? வீட்டில் யார் அதிகம் புலம்புகிறாரோ அவருக்குத்தான் வரம் என்பது இந்தப் படங்களின் எழுதாத சட்டம். புலம்பாமல் வேலையைப் பார்த்தவள் 37 வயதிலேயே காத்திருக்க வேண்டும். வரம் வாங்கியவர் ஆசை தீர்ந்து திரும்பி வந்ததும் ஆரத்தழுவி ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

தன் தந்தை என்று தெரியாமல் மகள் மார்க்கிடம் வழிகிற காட்சி இருக்கிறதே, அதைப் பற்றி எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. அதை நகைச்சுவை என்று எழுதிப் படமாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். விடுங்கள்.

பெண்ணுக்கு வரம் கொடுத்த படங்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அங்கேதான் எனக்கு ரத்தம் இன்னும் கொதிக்கிறது.

கொரியாவில் 2014-இல் வந்த ‘மிஸ் கிரானி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 74 வயது விதவைப் பாட்டி. தனியாளாக மகனை வளர்த்து ஆளாக்கியவள். முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து மனமுடைந்து, தன் சாவுக்கு வைக்க ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோவுக்குள் போகிறாள். வெளியே வரும்போது இருபது வயது. ஷிம் உன் கியோங் அந்த இளம் உடம்பில் ஒரு கிழவியின் நடையையும் வாயையும் கொண்டுவந்தது அசல் நடிப்பு. அதை நான் எங்கேயும் சொல்வேன். பேரனின் இசைக்குழுவில் சேர்ந்து பாடுகிறாள், அவளை விரும்ப ஒருவன் வருகிறான். முடிவு என்ன? பேரனுக்கு விபத்து. அபூர்வமான ரத்த வகை. அவள் கொடுத்தால் இளமை போய்விடும். மகனே வந்து, போம்மா, போய் உன் வாழ்க்கையை வாழு என்கிறான். அவள் ரத்தம் கொடுத்துவிட்டுக் கிழவியாகிறாள்.

பேரன் உயிரைக் காப்பாற்றக் கூடாது என்றா சொல்கிறேன்? எந்தப் பாட்டியும் கொடுத்துவிடுவாள், அது எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அந்த விபத்தை அங்கே வைக்கிறார்கள். வேறு எந்த வழியிலும் அவளைத் திரும்பக் கிழவியாக்க முடியாது என்று தெரிந்து, அவள் மறுக்கவே முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். மைக்கிடம் யார் ரத்தம் கேட்டார்கள்? அவர் ஒரு ஆட்டத்தைப் பாதியில் விட்டார், அவ்வளவுதான். அதற்குப் பரிசாக மனைவி கிடைத்தாள், பிள்ளைகள் கிடைத்தார்கள், அதே பள்ளியில் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. ஆயுள் முழுக்கக் கொடுத்தே தேய்ந்தவளிடம் மட்டும் கடைசிச் சொட்டையும் கேட்பார்கள்.

இந்தக் கதையைச் சீனா, வியட்நாம், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஒவ்வொரு நாடாக எடுத்தார்கள். 2019-இல் தெலுங்கிலும் சமந்தாவை வைத்து ‘ஓ பேபி’யாக வந்தது. மொழி மாறியது, பாட்டு மாறியது. ரத்தம் கேட்பது மாறவில்லை.

‘பெக்கி சூ காட் மேரிட்’, 1986. கணவரைப் பிரிந்து நிற்கும் பெண், பழைய மாணவர் சந்திப்பில் மயங்கி விழுந்து 1960-இல் பள்ளி மாணவியாகக் கண் விழிக்கிறாள். பின்னால் நடக்கப்போவது எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பையனைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இவ்வளவு பெரிய வாய்ப்பு கையில் வந்து விழுந்த பிறகு, படம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? மறுபடியும் அதே ஆளிடம். ஆணுக்கு இளமை திரும்பினால் அவர் தன்னைக் கண்டுபிடிக்கிறார். பெண்ணுக்குத் திரும்பினால் அவள் மன்னிக்கக் கற்றுக்கொள்கிறாள்.

1988-இல் வந்த ‘18 அகெய்ன்!’ இன்னும் மோசம். விபத்தில் 81 வயதுத் தாத்தாவும் 18 வயதுப் பேரனும் உடல் மாறிவிடுகிறார்கள். தாத்தா பேரன் உடம்பில் கல்லூரிக்குப் போய்க் கொண்டாடுகிறார். பேரன் தாத்தா உடம்பில் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறான்! இது நகைச்சுவைப் படம். மகாபாரதத்தில் யயாதி மகன் புருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டு அனுபவித்தார். அப்புறம் ஆசை அனுபவித்துத் தீராது என்று வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்கியது கடன் என்று அந்தப் பழைய கதைக்குத் தெரிந்திருந்தது. ஒருவருக்கு இளமை வந்தால் இன்னொருவர் அதற்கு விலை கொடுக்கிறார் என்பதை அது மறைக்கவில்லை.

நம் ஔவையார் கதையையும் பாருங்கள். கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவள். இளமையோ முதுமையோ, அங்கே ஒரு பெண் தனக்கு வேண்டியதைத் தன் வாயாலேயே கேட்டாள். கேட்டது கிடைத்தது. பதிலுக்கு யாரும் அவளிடம் ரத்தம் கேட்கவில்லை.

முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. ‘17 அகெய்ன்’ கதையை வைத்தே கொரியாவில் 2020-இல் ‘18 அகெய்ன்’ என்று ஒரு தொடர் எடுத்தார்கள். அதில் மனைவிக்கு ஒரு கனவு இருக்கிறது. செய்தி வாசிப்பாளர் ஆக வேண்டும் என்று இந்த வயதில் போய் நிற்கிறாள், அவமானப்படுகிறாள், தாக்குப்பிடிக்கிறாள். அவள் இழந்தது என்ன என்று அந்தத் தொடர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. பல இடங்களில் நான் நிஜமாகவே அழுதேன். ஆனால் அங்கேயும் இளமை திரும்புவது கணவருக்குத்தான்!

எனக்கு வேண்டிய படம் இதுதான். ஒருநாள் காலையில் ஸ்கார்லெட் பதினேழு வயதில் எழுந்திருக்கட்டும். முதலில் யாரும் கூப்பிடாமல் மதியம் வரை தூங்கட்டும். அப்புறம் ஒரு கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து நிரப்பட்டும். மைதானத்தில் அந்தப் பையன் பந்தோடு நிற்பான், அவனைப் பார்க்கட்டும். போகலாமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். பிறக்கப்போகும் இரண்டு பிள்ளைகளின் முகமும் அவளுக்குத் தெரியும் என்பதால் அந்த முடிவு எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று படம் நேராகக் காட்டட்டும். சிரிப்பும் வரும், வராமல் போகாது. அப்படி ஒரு படத்துக்கு நான் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் நிற்பேன்.

கடைசியாக இன்னொன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ‘17 அகெய்ன்’ முடிந்து பெயர்கள் ஓடும்போது, நடித்தவர்கள், வேலை செய்தவர்களின் நிஜமான பள்ளிக்காலப் புகைப்படங்கள் வரும். படம் முழுக்க ஒரு மனிதருக்கே கிடைத்த பதினேழு வயது, அங்கே எல்லாருக்கும் கிடைக்கிறது. விளக்குப் பிடித்தவருக்கும் உடை தைத்தவருக்கும் கூட. எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான். நேற்று அது ஆரம்பித்த உடனே, இந்த ஓடிடிக்காரர்கள் அதைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, ‘அடுத்த படம் 5 நொடியில்’ என்று போட்டார்கள். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் வேறு ஏதோ படம் ஓட ஆரம்பித்துவிட்டது. யாரைக் கேட்டு சுருக்குகிறீர்கள்? ஒரு படத்தில் வேலை செய்தவர்களின் பெயரைப் படிக்கக்கூட விடமாட்டீர்களா? இரண்டு நிமிஷம்! அந்த இரண்டு நிமிஷம்கூடப் பொறுக்க முடியாத அளவுக்கு உங்களுக்கு என்ன அவசரம்?