தையல் மிஷின் ஓட்டுறவன் பேசுறேன்

ஞாயித்துக்கிழமை, தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல இருக்கிற போத்தாஸ் ஹில்ல, நம்ம பைக் கூட்டத்துல நடந்த கூத்தை வீடியோவுல பார்த்தவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. "இந்தத் தையல் மிஷினை யாருய்யா நம்ம வண்டி வரிசையில நிறுத்தினது?"ன்னு பழைய பிரிட்டிஷ் பைக் கட்சி அண்ணன் ஒருத்தர் என் ஜப்பான் பைக்கைக் காட்டிக் கேட்டதும் யார் யாரெல்லாம் சிரிச்சாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதுல ஒருத்தர், போன மாசம் ஃபீல்ட்ஸ் ஹில் ஏத்தத்துல தன்னோட பழைய கிளாசிக் பைக் மடங்கி உட்கார்ந்தப்போ, இதே தையல் மிஷினோட பின்சீட்டுலதான் பைன்டவுனுக்கு இறங்கினார். பேர் சொல்ல மாட்டேன். படிச்சுட்டுத்தான் இருப்பார்.

பேசாம விட்டுடலாம்னுதான் இருந்தேன். என் மச்சானே அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். அதுக்கு மேல முடியலை.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். தினசரி வண்டின்னா காலையில கிளம்பணும். மழையிலயும் கிளம்பணும். வேலைக்குப் போற இடத்துல கொண்டுபோய் விடணும், சாயங்காலம் வீட்டுல சேர்க்கணும். அதுக்கு ஜப்பான் வண்டிதான். இதைச் சொன்னா என்னமோ சாமி குத்தம் பண்ண மாதிரி குதிக்கிறாங்க.

பழைய பிரிட்டிஷ் வண்டி மட்டம்னு நான் எங்கேயாவது எழுதியிருக்கேனா? தேடிப் பாருங்க. நார்ட்டன் கமாண்டோ தூரத்துல வர்ற சத்தம் கேட்டா நானும் நின்னு திரும்பிப் பார்க்கிறவன்தான். பிஎஸ்ஏ கம்பெனியோட கோல்ட் ஸ்டார் மாதிரி அழகான என்ஜின் இன்னொண்ணு இருக்கான்னு கேட்டா, இல்லை. 1913லேருந்து 1936 வரைக்கும் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவுல பைக் பந்தயம் நடந்துச்சே, அந்தக் காலத்து மண் ரோட்டுல, அந்தக் காலத்து டயர்ல அதை ஓட்டி முடிச்சவங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணும். அந்தப் பந்தயத்தோட நினைவா இன்னும் வருஷா வருஷம் 1936 வரைக்குமான வண்டிங்களை ஓட்டிட்டுப் போறாங்க. போகட்டும், நானும் ரோட்டோரம் நின்னு கை தட்டுறேன். ஆனா அது வருஷத்துக்கு ஒரு தடவை. நான் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் சாட்ஸ்வொர்த்லேருந்து உம்லாங்காவுக்குப் போகணும். ஹிகின்சன் ஹைவே, அப்புறம் என்2, ரெண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. காலை ஏழு மணிக்கு அந்த நெரிசல்ல, ஓடுற காத்துல மட்டுமே சூடு ஆறுற ஏர் கூல் என்ஜினைச் சும்மா உறும விட்டுட்டு நின்னுருக்கீங்களா யாராவது? இல்லை, நீங்க ஞாயித்துக்கிழமை எட்டரை மணிக்கு, காலி ரோட்டுல கிளம்புறவங்க.

ஒரு பழைய சிங்கிளை (ஒத்தை சிலிண்டர் வண்டியை) கிளப்புறது எப்படின்னு தெரியாத தம்பிகளுக்காகச் சொல்றேன். பெட்ரோல் டேப்பைத் திறக்கணும். கார்புரேட்டர்ல இருக்கிற டிக்ளர்ங்கிற சின்னப் பொத்தானை, பெட்ரோல் விரல்ல கசியுற வரைக்கும் அமுக்கணும். ஹேண்டில்ல இருக்கிற லீவரைத் தள்ளி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து வைக்கணும். கிக்கரை மெதுவா மிதிச்சு, கம்ப்ரஷன் எங்கே முட்டுதுன்னு காலால தேடணும். டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சுக்கிட்டு அதை ஒரு மயிரிழை தாண்டணும். விட்டுட்டு, முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி. சரியா அமைஞ்சா சொர்க்கம். இக்னிஷன் லீவரை மறந்திருந்தா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். இதுக்கு முன்னாடி, வண்டி ஒரு வாரம் நின்னிருந்தா டேங்க் ஆயில் முழுக்க அடியில இறங்கியிருக்கும், அதை வேற வடிக்கணும். ஞாயித்துக்கிழமை இது பூஜை மாதிரி, ஒத்துக்கிறேன். திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட போய் "சார், டிக்ளர் அமுக்கிட்டு இருந்தேன்"னு சொல்ல முடியுமா?

"ஆயில் ஒழுகுறது ஒரு அழகு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். அழகெல்லாம் இல்லை சார், அந்தப் பழைய வண்டிகள்ல என்ஜின் கூட்டை நெட்டுக்குத்தா ரெண்டாப் பிளந்து சேர்த்திருக்காங்க. ஆயில் தேங்கி நிக்கிற இடத்துலயே மூட்டு. பிசகினா கசியத்தான் செய்யும். ஹோண்டா தன்னோட ரெண்டு சிலிண்டர்லயும் நாலு சிலிண்டர்லயும் கூட்டைப் படுக்கைவசமாப் பிளந்து, மூட்டை ஆயிலுக்கு மேல தூக்கி வச்சான். இதுல மாயமந்திரம் இல்லை, யோசிச்சிருக்கான். 1968ல ட்ரையம்ஃப் மூணு சிலிண்டர் ட்ரைடென்ட்டைக் கொண்டு வந்தப்போ அதுல கிக்கரும் டிரம் பிரேக்கும்தான். அடுத்த வருஷமே ஹோண்டாவோட சிபி750 வந்துச்சு. நாலு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்னாடி டிஸ்க் பிரேக். 1973ல பிஎஸ்ஏ தனிக் கம்பெனியா இல்லை, நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃப்புக்குள்ள கரைஞ்சு போச்சு. மெரிடன் ஊர்ல இருந்த ட்ரையம்ஃப் ஃபேக்டரித் தொழிலாளிங்க கூட்டுறவு வச்சு 1983 வரைக்கும் ட்ரையம்ஃப்பை இழுத்துப் பிடிச்சாங்களே, அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. அந்த மூணு கம்பெனியையும் நான் மூடலை. என்கிட்ட ஏன் கோபம்?

இப்ப பதில் எழுத விரலைச் சொடுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு.

"ஜப்பான்காரன் காப்பியடிச்சவன்தானே?" ஆமா. கவாசாகி டபிள்யூ1ஓட பாட்டன் பிஎஸ்ஏ ஏ7தான். அதனால என்ன? காப்பியடிச்சவன் கசியாம அடிச்சான்.

"புது ட்ரையம்ஃப் நல்லாத்தானே ஓடுது?" நல்லா ஓடுது. ஃப்யூல் இன்ஜெக்ஷன், ஏபிஎஸ், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் இருக்கு. அதாவது நான் கேட்கிறதெல்லாம் இருக்கு.

"பழைய வண்டியை ரோட்டோரத்துல நாமே பிரிச்சு மாட்டலாம், உன் வண்டிக்கு லேப்டாப் வேணும்." இது நியாயமான பேச்சுதான். ஆனா இதைச் சொல்றவங்கள்ல எத்தனை பேர்கிட்ட விட்வொர்த் ஸ்பானர் செட் (பழைய பிரிட்டிஷ் நட்டு அளவுக்கானது) இருக்கு? மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டி நட்டை உருட்டிட்டு, அப்புறம் பக்கியில (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பேர்) ஏத்தி மெக்கானிக் வீட்டுல இறக்குறவங்கதானே பாதிப் பேர்? எனக்கு லேப்டாப் வேணும்னா உங்களுக்கு ஒரு பக்கியே வேணும்.

"தமிழ்நாட்டுக்காரனா இருந்துட்டு, புல்லட் ஓடுற ஊர்லேருந்து வந்துட்டு..." இதைத்தான் எதிர்பார்த்தேன். 1955லேருந்து மெட்ராஸ்ல புல்லட் வருது, சரி. எங்க ஊர்ல அதை யார் வச்சிருந்தாங்க? ரைஸ்மில் முதலாளி, இன்ஸ்பெக்டர், வட்டிக்கு விடுறவர். அந்த டுப்டுப் சத்தம் தெருமுனையில கேட்டா எங்க அப்பா செய்தித்தாளை மடிச்சு வச்சுட்டு உள்ளே போயிடுவார், தவணை பாக்கி. உங்களுக்கு அது கம்பீரமா கேட்குது. எனக்குக் கேட்கலை, மன்னிச்சுக்குங்க. அப்பா கடைசியா வாங்கினது ஒரு ஹீரோ ஹோண்டா சிடி100. எங்க வீட்டுல சத்தமில்லாம வந்து நின்ன ஒரே நல்ல விஷயம் அது.

பேச்சு எங்கேயோ போகுது. போகட்டும். அந்த வீடியோ அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறைச்சது: "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க இந்த வண்டியைத்தான் பெருமையா ஓட்டினாங்க."

நம்ம ஆளுங்களா? என் மாமனார் ஓட்டினார். கம்பெனி பேர் வேண்டாம், அதுக்கும் சண்டைக்கு வருவீங்க. வெள்ளைக்காரன் ஒருத்தன் ஓட்டித் தேய்ச்சுத் தள்ளின ஐம்பதுகளோட சிங்கிள். ஏன் வாங்கினார்? இனவாரியா ஆளுங்களைத் தனித்தனிப் பகுதியில பிரிச்சு வைக்க 1950ல வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வச்சு, அறுபதுகள்ல இந்தியர்களைக் குடும்பம் குடும்பமா கிளேர்வுட்லேருந்தும் கேட்டோ மேனர்லேருந்தும் கிளப்பி சாட்ஸ்வொர்த்ல கொட்டினாங்க. நடந்து போற தூரத்துல இருந்த வேலை, பஸ் மாறிப் போற தூரமாச்சு. ஃபேக்டரிங்க இருக்கிற ஜேக்கப்ஸ்ல காலை ஆறு மணி ஷிஃப்ட். லேட்டானா அரை நாள் கூலி போச்சு. கையில இருந்த காசுக்குக் கிடைச்சது அந்த வண்டி. பெருமையாம் பெருமை.

மாமா இப்பவும் இடது கைச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டுத்தான் வாசப்படி இறங்குவார். அங்கே துணியில சுத்தின ஸ்பேர் பிளக் இருக்கும் அப்போ. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற மாக்னெட்டோ ஈரமாயிட்டா மழையில வண்டியைத் தள்ளிக்கிட்டே போவாராம், ஷிஃப்ட் முடிஞ்சும் தள்ளிக்கிட்டே வருவாராம். அத்தை அவரோட வலது கால் பேண்ட் ஓரத்தை மட்டும் தனியா மண்ணெண்ணெயில ஊற வச்சுத் துவைப்பாங்க. அப்படியும் கறை போகலைன்னு என் மனைவி சொல்லுவா. எழுபதுகள்ல சின்னதா ஒரு ஜப்பான் வண்டி வாங்கின அன்னிக்கு, சாவியைத் திருப்பி ஒரே மிதியில அது கிளம்பினதும், மாமா என்ஜினை அணைச்சுட்டு மறுபடியும் கிளப்பிப் பார்த்தாராம். மறுபடியும். அக்கம்பக்கத்துல எல்லாரும் வெளியே வந்து பார்த்திருக்காங்க. அவர் கிட்ட போய், பழைய வண்டிக்கு "ஆன்மா" இருக்குன்னு பேசுங்க பார்ப்போம்.

கராஜ்ல காரும் பக்கியும் இருக்கிறவங்களுக்கு வண்டி கிளம்பாட்டி அது ஒரு கதை. அது ஒண்ணை மட்டுமே நம்பி இருக்கிறவனுக்கு அது அரை நாள் கூலி. மழையில சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கிட்டு நூத்தி இருபத்தஞ்சு சிசியில ஓடுறானே டெலிவரிப் பையன், அவனை எந்த வரிசையில நிறுத்துவீங்க? அவன் வண்டியும் தையல் மிஷின்தானே? இங்கே பைக்குக்குப் பகல்லயும் ஹெட்லைட் எரியணும்னு சட்டம். உங்க ஆறு வோல்ட் டைனமோவை வச்சு அவன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓட்டட்டும், அப்புறம் பேசலாம்.

அடுத்த ஞாயிறு வர்றியான்னு ரெண்டு பேர் நல்ல மனசோட கேட்டிருக்கீங்க. தெரியலை. வந்தா இதே வண்டியிலதான், இதே வரிசையிலதான்.

அப்புறம், மாமனார் ஷெட்ல கிடக்கிற பழைய டேங்கையும் கியர்பாக்ஸையும் விலைக்குக் கேட்டு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு. அது என்னுது இல்லை, அவரோடது. நேர்ல போய்க் கேளுங்க, டீ போட்டுக் கொடுப்பார். அந்த வண்டியைப் பத்தி அவருக்கே கிளாஸ் எடுக்காம இருந்தீங்கன்னா விலையும் சொல்லுவார்.