ஜாவாவுக்குக் காசு கட்டவேண்டுமா?

"ஜாவா நிரல்மொழிக்கு இனி காசு கட்டவேண்டும், அதில் எழுதிய நிரலையெல்லாம் திறந்து காட்டியே ஆகவேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு, இரண்டு பாதியுமே.

2019 ஏப்ரலில் ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் உரிமத்தை மாற்றியது உண்மைதான். ஆனால் அது ஆரக்கிள் தன் பெயரில் தரும் ஜேடிகே (ஜாவா நிரல்களை எழுதவும் ஓட்டவும் தேவையான கருவிகள்) தொகுப்புக்கு மட்டும். அதன் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகே, ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது; டெமூரின், அமேசான் கொரெட்டோ போன்ற ஜேடிகே தொகுப்புகள் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். அலுவலக வேலைக்கும் தாராளமாகப் போடலாம்.

ஜிபிஎல் நிரலோடு சேர்த்து உருவாக்கி வெளியிடும் நிரலின் மூலத்தையும் தரவேண்டியிருக்கும் என்பதால், ஜிபிஎல் என்றதும் பயம் வருவது நியாயம். அதற்காகவே 'கிளாஸ்பாத் விலக்கு' சேர்த்திருக்கிறார்கள்: ஜாவா நூலகங்களோடு இணைந்து ஓடும் உங்கள் நிரலை மூடியே வைத்து விற்கலாம். ஓப்பன்ஜேடிகேயையே, திருத்தியோ திருத்தாமலோ, வெளியில் கொடுத்தால்தான் அதன் மூலநிரலைத் தரவேண்டும்.

சந்தேகமா? கட்டளைத் திரையில் java -version என்று தட்டிப் பதிப்பைக் கேளுங்கள். 'ஓப்பன்ஜேடிகே' என்று வந்தால் கவலையில்லை; 'ஜாவா எஸ்இ' என்று வந்தால் பதிப்பு எண்ணைப் பார்த்து, அதற்குரிய உரிமத்தைப் படியுங்கள்.