கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள்

புவெனஸ் ஐரிஸ் நகரின் மே சதுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிபர் மாளிகையின் இளஞ்சிவப்புச் சுவரில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது தரையை. நடுவில் நிற்கும் மே பிரமிடைச் சுற்றி வெள்ளைத் தலைத்துணி உருவங்கள் பதிந்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் ஆகப் பெரிய நினைவுச்சின்னம் அதுதான் என்பேன்.

கல்லில் எழுப்பியவையும் அங்கே உண்டு. ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான 1810 புரட்சியின் நினைவாக மறு ஆண்டே அந்தப் பிரமிடைக் கட்டினார்கள். பிறகு அதன் உருவத்தை மாற்றினார்கள், 1912-ல் இடத்தையும் மாற்றினார்கள். புரட்சி நடந்தேறிய கபில்டோ என்ற பழைய நகர மன்றக் கட்டடத்தில் ஒரு காலத்தில் 11 வளைவுகள் இருந்தன. சாலை போட வேண்டும் என்று பக்கத்துக்கு மூன்றாக இடித்துவிட்டார்கள், இப்போது மிச்சம் 5. தேசம் பிறந்த இடத்துக்கே இந்தக் கதி என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தத் தலைத்துணிகளின் கதை வேறு. 1977 ஏப்ரல் 30, ராணுவ ஆட்சி. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 14 பெண்கள் சதுக்கத்துக்கு வந்தார்கள். அன்று சனிக்கிழமை, ஆள் நடமாட்டமே இல்லை. அதனால் பின்னர் வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் பிரமிடைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். கலைந்து போகச் சொன்ன உத்தரவே அவர்களுடைய போராட்ட வடிவமாகிவிட்டது. அந்த ஆண்டு லுஹான் மாதா கோயிலுக்குப் போகும் யாத்திரைக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் காண, குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். காணாமல் போன பிள்ளைக்கு ஒரு காலத்தில் கட்டிய துணி. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

சதுக்கம் என்றால் அழகாக, அமைதியாக இருக்க வேண்டும், அங்கே அரசியல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இதே சதுக்கத்தின் மேல் 1955 ஜூன் 16-ல் சொந்த நாட்டுக் கடற்படை விமானங்களே குண்டு போட்டன. செத்தவர்கள் 300-க்கும் மேல். அந்தத் தாக்குதலின் வடுக்கள் பக்கத்திலிருக்கும் பொருளாதார அமைச்சகச் சுவரில் இன்றும் தெரிகின்றன. அரசியலைக் கழித்துவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

அந்த 14 பேரில் முன்னால் நின்றவர் அசுசேனா வில்லாஃப்ளோர். 1977 டிசம்பர் 10-ல் அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கடலோரத்தில் ஒதுங்கிய உடலைப் பெயர் போடாமலே புதைத்திருந்தார்கள். அது அவர்தான் என்று உறுதியாக 2005 ஆகிவிட்டது. அவருடைய சாம்பலைப் பிரமிடின் அடியிலேயே புதைத்தார்கள், வியாழன்தோறும் அம்மாக்கள் சுற்றி வரும் அதே தரையில்.