ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் திருடி பேசுகிறேன்

தொப்புள்கொடி ரத்த வங்கிகளைத் திட்டி ஒரு அண்ணன் மேடையில் பேசிய அந்த வீடியோவை எனக்கு இன்னும் அனுப்பாத சொந்தக்காரர்கள் யாராவது மிச்சமிருந்தால், தயவுசெய்து அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நம்ம புள்ளைக ரத்தத்தை வித்துத் திங்கிறாய்ங்க, தொப்புள்கொடித் திருடனுங்க" என்று அண்ணன் மைக்கைக் கடிக்காத குறையாகப் பேசியதையும், கீழே விசில் பறந்ததையும் பார்த்தேன். என்னை டேக் செய்து "இதுக்கு என்ன சொல்றீங்க மேடம்?" என்று சிரிப்பு எமோஜி போட்ட தம்பிமார்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

பிரசவத்தின்போது தொப்புள்கொடியில் இருந்து எடுக்கும் ரத்தத்தை, அதிலுள்ள ஸ்டெம் செல்களுக்காக (புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) உறைய வைத்துச் சேமிக்கும் வங்கி ஒன்றின் லேபில் வேலை பார்ப்பவள் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர் வேறு, லேபில் நிற்கிறவர் வேறு.

வளைகாப்பு முடிந்து வளையல் சத்தம் அடங்குவதற்குள் விளம்பரப் புரோஷரோடு வீட்டுக்கு வருகிறாரே, அவர் விற்கிறவர். "எண்பது நோய்க்குத் தீர்வு மேடம், இஎம்ஐ இருக்கு, பிள்ளைக்கு லைஃப் லாங் இன்சூரன்ஸ் மாதிரி" என்பார். பொய்தான். நானே சொல்கிறேன், பொய். பிள்ளை தனக்கே பின்னாளில் பயன்படுத்திக்கொள்வதற்காகத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே எழுதி வைத்திருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைக்கு அதே பிள்ளையின் கொடி ரத்தத்தைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? கோளாறு அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறதே. இதையெல்லாம் சொல்லி அண்ணன் மேடை ஏறியிருந்தால் முதல் விசில் என்னுடையது.

ஆனால் அவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "நம்ம முன்னோர் தொப்புள்கொடியைத் தாயத்துல போட்டு இடுப்புல கட்டுனான், அதுதான்டா ஸ்டெம் செல் பேங்க்" என்றார். இதில் வேடிக்கை, புரோஷர்க்காரரும் இதே தாயத்துக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார். காய்ந்து சருகாகி விழுந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட மிஞ்சாது. ஒரே பொய்யை இவர் கைதட்டலுக்குச் சொல்கிறார், அவர் கமிஷனுக்குச் சொல்கிறார். திருடி பட்டம் மட்டும் எனக்கு.

சரி, அந்த ஏசி ரூமுக்கு வாருங்கள். ராமநாதபுரத்தில் சாயங்காலம் ஒரு பிரசவம் என்றால் கொடி ரத்தப் பை எங்கள் கைக்கு வர மறுநாள் ஆகிவிடும். பிறந்து 72 மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வைத்தாக வேண்டும். பையைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ரத்தம் கட்டி தட்டியிருக்கிறதா என்று. பிறகு அளவு, செல் எண்ணிக்கை, தாயின் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா. சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் பிரித்து எடுத்தால் மிஞ்சுவது இருபது மில்லி அளவுதான். அதில், உறையும்போது செல் உடையாமல் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். வேகமாக விட்டால் செல் செத்துவிடும். அதனால் பையை ஜெல் ஐஸ் மேல் வைத்து, ஆட்டிக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவோம். பையின் வால் குழாயைச் சின்னச் சின்னத் துண்டாக சீல் வைப்போம், பின்னால் பையைத் தொடாமலே சோதித்துப் பார்க்க. அப்புறம் நிமிடத்துக்கு ஒரு டிகிரி கணக்கில் இறக்கி, கடைசியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டிக்குள்.

அந்தத் தொட்டி அறையில் திரவ நைட்ரஜன் கசிந்தால் மணமும் வராது, நிறமும் தெரியாது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். ஆக்சிஜன் குறைவது தெரியாமலே ஆள் சாய்ந்துவிடலாம். அதனால்தான் வாசலில் ஆக்சிஜன் மானிட்டர். நடுராத்திரி அலாரம் அடித்தால் முகக் கவசம், முழங்கை வரை கையுறையோடு போய் நிற்பது நாங்கள். சொகுசு ஏசி ரூம்!

இதை என் அப்பாவுக்கு ஒருமுறை விளக்கினேன். அவர் மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளியே முதுகு வளைந்தவர். கேட்டுவிட்டு, "றாலு ஒருக்கா வெதுவெதுன்னு ஆயிருச்சுன்னா, மறுபடி எம்புட்டு ஐஸைக் கொட்டினாலும் அது றாலு இல்ல. அதானே ஒன் வேலையும்?" என்றார். அதேதான் அப்பா. "அப்ப கரண்டு போனா?" என்று அடுத்த கேள்வி. கரண்டு போனாலும் தொட்டி குளிர்ச்சியாகவே இருக்கும், நைட்ரஜன்தான் தீரக்கூடாது என்றேன். எட்டாவது தாண்டாத மனிதர் சரியான கேள்வியைக் கேட்டார். வீடியோவின் கீழே பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் வந்து "அவங்க அதை ஃப்ரிட்ஜ்லதான் வெச்சிருப்பாங்க" என்று எழுதியிருக்கிறார்கள்.

"சிங்கப்பூர்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஒருவர் லிங்க் போட்டிருக்கிறார். தெரியும். 2023 நவம்பர் கடைசியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே அறிவித்தது. ஒரு தனியார் கொடி ரத்த வங்கியில் ஏழு தொட்டிகள் சரியான குளிர்நிலையில் இல்லை. ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 குடும்பங்களுக்கு உரியவை பாழ். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது யாருக்கு எதிரான சாட்சி? தொட்டியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்குத்தானே அது சாட்சி? இல்லை என்று வாதாடுவீர்கள். வாதாடுங்கள்.

"ஒனக்குச் சம்பளமே அந்தப் பொய்யில இருந்துதான வருது?" இது என் கூடப் படித்தவளே கேட்டது. ஆமாம், வருகிறது. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருத்தராகத் தோண்ட ஆரம்பித்தால் நம் ஊரில் யாரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, விடு. கொடி ரத்த வங்கி நடத்த உரிமம் வேண்டும், இன்ன படிப்பு படித்தவர்கள்தான் வேலை பார்க்க வேண்டும் என்று 2011இலேயே மருந்து விதிகளில் தனிப் பகுதி சேர்த்துவிட்டார்கள். எங்களுக்குச் சட்டம் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது. மேடைப் பேச்சுக்கு என்ன இருக்கிறது?

1988இல் பாரிசில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாகக் கொடி ரத்தம் ஏற்றினார்கள். ஃபேன்கோனி அனீமியா என்ற ரத்த நோய். ரத்தம், அவன் தங்கை பிறந்தபோது அவள் கொடியிலிருந்து எடுத்து வைத்தது. சிகிச்சை செய்த டாக்டர் எலியான் குளுக்மன் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கும். அமெரிக்காவில் அந்த ரத்தத்தைச் சோதித்து, உறைய வைத்து, பாரிசு வரை கொண்டுபோய்ச் சேர்த்த லேப்காரர் ஹால் பிராக்ஸ்மையரை எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் பரவாயில்லை. திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோ வந்த மறுநாள் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன அம்மாவிடம் ஒரு மதினி, "ஒம்மக அந்தக் கொடி திருடுற கம்பெனியிலயா இருக்கா? பொண்ணு பாக்க வர்றவுககிட்ட என்ன சொல்லுவிய?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மீன் வாங்காமலே திரும்பிவிட்டார். போனில் இதைச் சொல்லவில்லை, தம்பி சொல்லித்தான் தெரியும்.

இவ்வளவு அக்கறை உள்ள ஊரா இது? போன வருஷம் நானும் நாலைந்து பேரும் சேர்ந்து நம்ம ஊரில் ஸ்டெம் செல் கொடையாளர் பதிவு முகாம் நடத்தினோம். காசு கிடையாது, வங்கி கிடையாது, விற்பனை கிடையாது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். எங்கேயோ ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்குத் திசு வகை பொருந்தினால் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்களே பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான், அதனால்தான் வெளியே தேடுகிறார்கள். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் இதைத்தான் செய்கின்றன. பொருந்தினாலும் பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி, பிறகு பிளேட்லெட் கொடுப்பது போலக் கையில் குழாய், மெஷின், அவ்வளவுதான்.

வந்தவர்களைவிடப் போட்டிருந்த நாற்காலி அதிகம். வரிசையில் நின்ற ஒரு பையனை அவன் அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இன்னைக்குக் குச்சியை விட்டு எச்சி எடுப்பாய்ங்க, நாளைக்கு எலும்பை ஒடச்சு மஜ்ஜையை எடுப்பாய்ங்க." அத்தை மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டி, பெற்றோர் வழி வரும் ரத்தக் கோளாறுக்கு நாமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு ஒன்று என்றால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வேலூருக்கும் சென்னைக்கும் ஓடுகிறோம். பஞ்சுக் குச்சிக்குப் பயம். அந்த அப்பா வீடியோவில் இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று கைதட்டுகிறார். டேக் செய்யவில்லை, மாமா முறை வேண்டும்.

இன்பாக்ஸில் கர்ப்பிணிகள் ரெண்டு மூணு பேர், "அக்கா, சண்டையெல்லாம் சரி, கொடி ரத்தத்தை வங்கியில போடலாமா வேணாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மூத்த பிள்ளைக்குத் தலசீமியா மாதிரி ரத்த நோய் இருந்தால், பிரசவத்துக்கு முன்பே ரத்தநோய் டாக்டரைப் பாருங்கள், இரண்டாவது பிள்ளையின் கொடி ரத்தம் உண்மையிலேயே உதவக்கூடும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிள்ளை பிறந்து ஒரு நிமிடமாவது ஆகாமல் கொடியில் கிளிப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். அந்த ரத்தம் முதலில் பிள்ளைக்குப் போகட்டும், இரும்புச்சத்து அதில்தான் இருக்கிறது. பை நிறைகிறதா என்பது அதற்கு அப்புறம்.

இதைப் படித்துவிட்டு எங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர் திங்கட்கிழமை என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும். அவருக்கும் அந்த மேடை அண்ணனுக்கும் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன். தாயத்து போட்டோ அனுப்புகிறவர்களை மட்டும் இனி பிளாக் செய்வேன், மாமா முறையானாலும் சரி.