சம்ப் பக்கிங் அரை மணித்தியால வேலை இல்லை

"சம்ப் ஒழுக்கோ? அரை மணித்தியால வேலை அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று சொல்லும் கராஜில் லொறியை விடாதீர்கள். போன காலபோக அறுவடைக்கு முந்தி நான் விட்டேன். சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தகட்டுத் தட்டு, பக்கிங் என்பது அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒழுகாமல் வைக்கும் அடைப்பு.

என்னுடையது 80களில் செய்த கன்ரர் லொறி. கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியிலும் கண்டாவளையிலும் நெல் ஏற்றுவது அதில்தான், எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தபோது விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே வன்னியில் பழைய லொறிகள் இன்னும் பல வருசம் ஓடத்தான் போகின்றன. அவற்றை ஒழுங்காகத் திருத்தத் தெரிந்த கைகள் வேண்டும். அந்தக் கைகளை நாங்களே கெடுக்கிறோம் என்ற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கராஜில் சம்பைக் கழற்றி, பழைய பக்கிங்கை அரைகுறையாகச் சுரண்டி, சுற்றிவரச் சிவப்புச் சிலிக்கனை அப்பி, போல்ட்டுகளை மூச்சைப் பிடித்து இறுக்கித் தந்தார்கள். மூன்று கிழமையில் திரும்பவும் ஒழுகியது. அதையாவது ஒயில் விட்டு விட்டுச் சமாளிக்கலாம். ஒரு நாள் பரந்தன் சந்திக்குக் கிட்ட, நெல் பாரத்தோடு நிற்கும்போது ஒயில் அமுக்கம் குறைந்தால் எரியும் ஒயில் லைற் மின்னத் தொடங்கியது. டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தேன், அளவு சரி. எஞ்சினை உடனே நிறுத்தி, நெல்லை வேறு லொறிக்கு மாற்றி, கட்டி இழுத்துக்கொண்டு இன்னொரு அண்ணையிடம் போனேன். வன்னியில் முப்பது வருசத்துக்கு மேல் லொறி வேலை செய்கிறவர்.

அவர் சம்பை இறக்கியதும் ஒயில் உறிஞ்சும் வலையைக் காட்டினார். சிவப்புச் சிலிக்கன் துண்டுகள் மண்புழு மாதிரி வலையில் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பேப்பரில் வைத்தார். பதினொரு துண்டு. "வெளியால பிதுங்கினதை எல்லாரும் துடைக்கிறாங்கள் தம்பி, உள்ளுக்கும் அதேயளவு பிதுங்குமெண்டு ஆரும் யோசிக்கிறேல்ல. இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா பெயரிங்கும் போயிருக்கும், கிராங்கும் போயிருக்கும்" என்றார். கிராங் தண்டைத் தாங்கும் பெயரிங் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார், தப்பியிருந்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் எல்லாரும் பார்த்திருக்க வேண்டும். சம்பின் விளிம்பில் இரும்பு அடிமட்டத்தை நிறுத்தி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. சம்ப் மெல்லிய தகடு. போல்ட்டை அளவு மீறி இறுக்கினால் துளையைச் சுற்றியுள்ள தகடு மேலே எழும்பிக் குமிழாகும். பிறகு பக்கிங்கைப் பிடிப்பது அந்தக் குமிழ்கள் மட்டுமே, இரண்டு போல்ட்டுக்கு இடையில் பிடி கிடையாது. ஒழுகுகிறதே என்று மேலும் இறுக்க, மேலும் ஒழுகும். விளிம்பைத் தண்டவாளத் துண்டில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு துளையாகத் தட்டித் தட்டி மட்டமாக்கினார். அடிக்கொருதரம் அடிமட்டம். அது முடியவே ஒன்றரை மணித்தியாலம்.

பழைய சிலிக்கனை இரும்பால் கீறாமல் மரச் சீவலால் வழித்தார். எஞ்சின் பக்க முகத்தையும் சம்ப் விளிம்பையும் பெற்றோல் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, திரும்பவும் துடைத்தார். தக்கைப் பக்கிங்கைக் காய்ந்தபடியே வைத்தார். முன்னால் ரைமிங் கவரும் பின்னால் பெயரிங் மூடியும் வந்து சேரும் மூலைகளில் மட்டும் பயறளவு சிலிக்கன். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவைத்து, நடுவிலிருந்து வெளியே, மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்கினார். அந்தச் சின்ன ஆறு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு ஏறக்குறைய பத்து நியூட்டன் மீற்றர்தான் தேவை. அவர் றாச்செற்றின் பிடியைப் பிடிக்கவேயில்லை, தலையைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் திருப்பினார்.

ஒயில் வடிக்கும் போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர். இரவு அப்படியே காயவிட்டு, காலையில் ஒயில் விட்டு, எஞ்சின் பற்றாமல் ஸ்ரொப்பை இழுத்துப் பிடித்தபடி லைற் அணையும்வரை ஸ்ராட்டரைச் சுற்றவிட்டுத்தான் எஞ்சினைப் பற்றவைத்தார்.

முதல் கராஜ் பார்க்காத இன்னொன்றும் இருந்தது. எஞ்சினின் மூச்சுக் குழாய் களி பிடித்து அடைத்துக் கிடந்தது. உள்ளுக்குள் அமுக்கம் ஏறினால் எந்தப் புதுப் பக்கிங்கும் நிற்காது. அதோடு, சம்ப் நனைந்திருந்தால் சம்ப்தான் ஒழுகுகிறது என்றும் இல்லை. எஞ்சினின் மேல் மூடியான ரப்பெற் கவரில் கசிந்தாலும் ஒயில் வடிந்து கீழேதான் வரும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். முதலில் எஞ்சினைக் கழுவிக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி ஓடிப் பாருங்கள். ஆக உயரத்தில் எந்த இடம் நனைகிறதோ, அங்கேதான் ஒழுக்கு.

அந்த அண்ணை தொழில் பழகியது 90களில், பொருளாதாரத் தடைக் காலத்தில். மண்ணெண்ணெயில் வாகனம் ஓடிய காலம் அது. பக்கிங் வாங்கக் கடை இல்லை. தடித்த மட்டையை விளிம்பில் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டியே துளைகளோடு வெட்டி எடுப்பார்களாம். ஒரு போத்தல் ஒயில் சிந்தினாலும் அடுத்த போத்தல் எப்போது வருமென்று தெரியாது. அந்தப் பயத்தில் பழகிய கை இன்னும் அவசரப்படவில்லை.

கூலியைக் கேட்டதும் என்னோடு வந்தவர், "ஒரு பக்கிங்குக்கு இவ்வளவோ?" என்றார். எனக்கு வலித்தது. கடையில் சாமானுக்குச் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். ஒன்றரை நாள் எண்ணெய்க்குள் கிடந்த மனிசனிடம் பேரம் பேசுகிறோம். கராஜில் நிற்கும் பொடியன் என்ன படிப்பான்? விளிம்பு தட்டினால் காசில்லை, சிலிக்கன் பூசினால் அடுத்த லொறியை எடுக்கலாம் என்றுதான் படிப்பான். அவனை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதை அப்படியே கொடுத்தேன்.

வீட்டில் நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால், ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சீமெந்துக் கல்லையும் நம்பாதீர்கள், சொல்லாமல் உடையும். சில்லுக்கு அணை போட்டு, நல்ல பாலைக் குற்றியாகப் பார்த்து வையுங்கள். வடித்த ஒயிலைக் கானில் பிடியுங்கள், எங்கள் கிணறுகள் அதே மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

சிறுபோக நெல் ஏற்ற இருப்பவர்கள் இன்று இரவே லொறிக்கு அடியில் ஒரு மட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். கிளிநொச்சிப் பக்கம் ஆருக்காவது ஒழுக்கென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள், அந்த அண்ணையிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். லொறியை இரண்டு நாள் விட்டுவிட்டு வர ஆயத்தமாக வாருங்கள்.