வாங்குனவங்க கொஞ்சம் கைய தூக்குங்க பாப்போம்

சிங்கப்பூர்ல டூட்டி (வரி) கட்டாத கள்ள சிகரெட் வித்து நம்மாளு ஒருத்தன் பிடிபட்ட நியூஸ குரூப்ல போட்டதுல இருந்து ஒரே கொதிப்பு. "நம்மாளுங்க மானத்த வாங்குறானுங்க, எல்லாத்தையும் ஊருக்கு அனுப்பணும்". சரிங்க. பிடிபட்டவன் ஒர்க் பெர்மிட்ல வேலைக்கு வந்த பையன், தப்பு பண்ணியிருக்கான், கோர்ட் பாத்துக்கும். அவன் யாருக்கு வித்தான்? அத ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீங்க?

அதுல ரொம்ப சத்தம் போட்ட அண்ணன் ஒருத்தர ஒரு நிச்சயதார்த்தத்துல பாத்தேன். 2020 ஜூலைல இருந்து இங்க கடையில விக்கிற பாக்கெட் எல்லாம் ஒரே அழுக்கு பிரவுன் கலர், பிராண்ட் லோகோவே கிடையாது. அண்ணன் கையில இருந்தது பளபளன்னு தங்கக் கோடு போட்டது. "டூட்டி கட்டி எவன்டா புடிப்பான்"னு சிரிச்சிக்கிட்டே எனக்கும் ஒண்ணு நீட்டுனாரு. இப்ப அவருக்கு மானம் போச்சாம்!

நானும் டார்மிட்டரில, வெளிநாட்டு தொழிலாளிங்க தங்குற விடுதில, கிடந்து வந்தவன்தான். எங்க ரூம்ல ஒரு தம்பி, சிவகங்கை பக்கம், ஏஜென்ட் கடன் கழுத்த நெரிக்குது. "சும்மா நின்னு குடு, நைட்டுக்கு அம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)"ன்னு எவனோ சொல்லியிருக்கான். சரக்கு கருப்பு குப்பைப் பையில சாக்கடக் கானுக்குள்ள கிடக்கும், இவன் பஸ் ஸ்டாப் பக்கம் நிப்பான். வாங்க வர்றவங்க கார் கண்ணாடிய பாதி இறக்கி ரெண்டு விரல் காட்டுவாங்க, ரெண்டு பாக்கெட். கார் வச்சிருக்கவன்யா! தம்பி ஜெயிலுக்குப் போயி அப்படியே ஊருக்குப் போனான், கடன் அப்படியே நிக்குது. சரக்க இறக்குன முதலாளி யாருன்னு அவனுக்கே தெரியாது.

"கவர்மெண்ட் வெலைய ஏத்துனா மனுசன் என்ன பண்ணுவான்"னு கேப்பீங்க. இதுல நியாயம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. 2023ல ஒரு சிகரெட்டுக்கு வரி மட்டும் 49.1 காசுன்னு ஆக்குனாங்க, இருபது இருக்குற பாக்கெட்டுக்கு கிட்டத்தட்ட பத்து வெள்ளி. கட்டடத்துல வேல பாக்குறவனுக்கு அது வலிக்கும், அவன் கேட்டா நான் வாய மூடிக்குவேன். கார்ல வர்றவரு கேக்கக் கூடாது. "எல்லாரும்தான் வாங்குறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ற மூடு இல்ல, போங்க.

மலேசியா எல்லையில, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடில லாரிய ஸ்கேன் பண்ணி எவ்வளவு புடிச்சாலும் இங்க வாங்க ஆள் இருக்குற வரைக்கும் வந்துகிட்டேதான் இருக்கும். வாங்குறதும் குத்தம்தான், தெரியுமில்ல? விக்கிறவன் மட்டும்தான் உள்ள போவான்னு நெனச்சிக்கிட்டிருக்கீங்க.

இன்னொண்ணு சொல்றேன், கோவம் வந்தா வரட்டும். அப்பன் கள்ள சிகரெட்ட பெரும பேசுற வீட்டுல புள்ள டெலிகிராம்ல வேப் (மின்-சிகரெட்) வாங்குது. வேப் 2018ல இருந்தே வச்சிருந்தாலே குத்தம். இப்ப அதுல எட்டோமிடேட் கலந்து கேபாட்னு விக்கிறானுங்க, ஆஸ்பத்திரில ஆப்பரேஷனுக்கு மயக்கம் குடுக்குற மருந்துய்யா அது! 2025 செப்டம்பர் 1ல அத போதைப்பொருள் லிஸ்ட்லயே சேத்தாங்க. "சிகரெட் வேற வேப் வேற"ன்னு கமெண்ட்ல வராதீங்க. கள்ளச் சரக்குன்னா கெத்துன்னு புள்ளைக்கு யாரு கத்துக் குடுத்தா, ஸ்கூல்லயா?

விக்கிற எடம் தெரிஞ்சா சுங்கத்துறைக்கு ஒரு தகவல் சொல்லலாம், பேரு கூட வெளிய வராது. பண்ணுவீங்களா? மாட்டீங்க, உங்க சப்ளை நின்னுடுமே.